கரி ஒலையா கேஸ் ஒலையா: உள்ள என்ன போகப்போவுதுன்னு மொதல்ல பாருங்க

வந்த கேள்வி இது:

"அண்ணே வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம், வயசு 27, டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டு ராணிப்பேட்டை சிப்காட்ல 5 வருஷம் வேலை பாத்தேன். எங்க தாத்தா கொல்லுப்பட்டறை வெச்சிருந்தாரு, அவரு போனதுல இருந்து 11 வருஷமா பூட்டிக் கெடக்கு, அத திரும்ப ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஊர் வேலையும் செய்யணும், கிச்சன் கத்தி அடிச்சு விக்கவும் ஆசை. கொட்டா 10க்கு 12 அடி, சிமெண்ட் ஷீட் கூரை, ஒரு பக்கம் சித்தப்பா வீட்டு சுவரு, புகைன்னா சண்டைக்கு வந்துடுவாங்க. கையில 45,000 ரூபா இருக்கு. வெளிநாட்டு வீடியோ பாத்தா பாதி பேரு கல்லுக்கரி (நிலக்கரி)தான்னு சொல்றான், பாதி பேரு கேஸ்தான்னு சொல்றான். எங்க பெரியப்பா கேஸ்ல காய்ச்சுன இரும்புக்கு பதமே நிக்காதுன்னு சொல்றாரு. நான் எத வாங்கட்டும்?"

தம்பி, உங்க லெட்டர ரெண்டு வாட்டி படிச்சேன். பூட்டிக் கெடக்கற பட்டறைய தொறக்கணும்னு உங்க வயசுல ஒருத்தர் எழுதறது எனக்கு எவ்ளோ சந்தோஷம்னு சொல்லத் தெரியல, நான் சின்ன வயசுல எங்க சுத்துவட்டாரத்துல பாத்த பட்டறைங்கள்ல முக்காவாசி இன்னிக்கு இல்ல, ஒண்ணு வெல்டிங் கடையா மாறிடுச்சு இல்லன்னா இடத்த வித்தாச்சு. நான் காட்பாடி பக்கம் 34 வருஷமா இதே வேலை, கரி ஒலை கேஸ் ஒலை ரெண்டும் என் கொட்டாயில இருக்கு, ரெண்டுத்துலயும் தெனம் வேலை நடக்குது, அதனால எது ஒசத்தின்னு கட்சி கட்ட மாட்டேன், உங்க எடத்துக்கு உங்க கைக்கு எது மொதல்லன்னு ஒண்டி சொல்றேன்.

கரியா கேஸான்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒலைக்குள்ள என்ன போகப்போவுதுன்னு பாக்கணும். ஊர் வேலைன்னு எழுதியிருக்கீங்க, உங்க பக்கம் தென்னந்தோப்பு, மாந்தோப்பு, நெல்லு, கரும்பு, அப்போ கதவத் தட்டப்போறது கடப்பாரைக்கு மூக்கு இழுக்கறது, மம்பட்டிக்கு வாய் அடிக்கறது, களைக்கொத்து, கருக்கரிவாளுக்கு பல்லு வெட்டறது, தென்னை மரம் ஏர்றவங்க கத்தி, கோடாலி, அப்புறம் கல்லு வேலைக்காரங்க உளி. இதுல உளிய ஒண்டி எடுத்துக்கோங்க, அத வெச்சே பாதி கணக்கு புரிஞ்சிடும்.

கல்லு உடைக்கறவரு சாயங்காலம் 20, 30 உளிய மூக்கு மழுங்கிப்போய் கோணில கட்டி கொண்டாந்து போடுவாரு, காலைல 6 மணிக்கு வேணும்பாரு. கரி ஒலைல நாலு நாலா, நுனி ஒண்டி நெருப்புக்குள்ள இருக்கற மாதிரி சொருகி வெப்போம். ஒண்ணரை அங்குலம் செவக்கும், அதுக்குப் பின்னால கறுப்பாவே இருக்கும். எடுத்து திருப்பித் திருப்பி நாலு தட்டு தட்டினா கூர் வந்துடும். திரும்ப ஒரு சூடு காட்டி, நுனி அரை அங்குலத்த ஒண்டி தண்ணில முக்கி எடுத்து, சாணைக்கல்லு துண்டுல ஒரு இழுப்பு இழுத்து பளபளப்பாக்கிட்டு கண்ண எடுக்காம பாக்கணும். பின்னால மிச்சம் இருக்கற சூடு மெதுவா நுனிய நோக்கி ஊர்ந்து வரும், அது வர வர அந்த பளபளப்பு மேல கலர் ஓடும், மொதல்ல வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்திரிப்பூ ஊதா, கடைசியா நீலம். பழுப்பு போயி ஊதா தொடங்கற நேரம் நுனிக்கு வந்துச்சுன்னா அப்பவே மொத்தத்தையும் தண்ணில போட்டுடணும். ஒரே சூட்டுல கடினமும் ஏறிடுச்சு, பட்டுனு ஒடையாத பக்குவமும் வந்துடுச்சு. ஒரு உளிக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆவாது.

இதே வேலைய கேஸ் ஒலைல செஞ்சீங்கன்னா ஒவ்வொரு உளியும் பாதி நீளத்துக்கு செவந்துடும். கேஸ் ஒலைங்கறது ஒரு பெட்டி, பேக்கரி அடுப்பு மாதிரி, உள்ள போன நீளம் பூரா ஒரே மாதிரி சூடாவும். நுனிக்கு ஒரு சூடு பின்னால ஒரு சூடுன்னு அது காட்டாது. அப்புறம் வாசல். 4 அங்குலம் 5 அங்குலம் வாசல் இருக்கற பெட்டில மம்பட்டிய எப்படி நொழைப்பீங்க, வாசல பெருசா வெச்சா சூடு பூரா வெளிய ஓடிடும், கேஸ் செலவு ரெண்டு பங்கு ஆவும். கரி ஒலைக்கு வாசலே கெடையாது, எந்த உருவத்துல எத கொண்டாந்தாலும் கரிய ஒதுக்கி வெச்சு, வேணுங்கற எடத்துல ஒண்டி நெருப்பு காட்டலாம். இன்னொண்ணு, ஊர் வேலை வரிசையா வராது, 9 மணிக்கு ஒருத்தர் வருவாரு, 11 மணிக்கு ஒருத்தர், ஒவ்வொண்ணும் பத்து நிமிஷ வேலை. கேஸ் பெட்டி காயறதுக்கே பத்து நிமிஷம் போவும், அதுக்கான கேஸ யாரு கணக்குல எழுதறது. கரின்னா காத்த நிறுத்தினா நெருப்பு தூங்கும், திரும்ப ப்ளோயர சுத்தினா எழுந்துக்கும்.

கிச்சன் கத்திக்கு கதையே வேற. லாரி பட்டாவ (லாரிக்கு அடில ஸ்பிரிங்கா வர்ற இரும்புப் பட்டை) வெட்டி 8 அங்குல கத்தியா இழுக்கறீங்கன்னு வெச்சுக்கோங்க, அது அடி முதல் நுனி வரைக்கும் ஒரே சூட்டுல இருக்கணும், கனத்துல 2 மில்லிமீட்டருக்கு வந்தப்புறம் கரி ஒலைல நுனி ஒரு நொடி கூட நின்னாலும் மத்தாப்பு மாதிரி வெள்ளப் பொரி பறக்கும். பொரி பறந்துச்சுன்னா அந்த எடத்துல இரும்பு எரிஞ்சு போச்சு, வெட்டிப் போடறத தவிர வேற வழி இல்ல. புதுசா கத்துக்கறவங்க வாரத்துக்கு ரெண்டு நுனிய எரிப்பாங்க. கேஸ்ல மூணு கத்திய பக்கம் பக்கமா வெச்சிட்டு ஒண்ணு மாத்தி ஒண்ணு எடுத்து அடிச்சிகினே இருக்கலாம், நுனிக்கு தனியா பயம் இல்ல, கிட்டம் (உருகிக் கட்டியான சாம்பல்) ஒட்டாது, வாயில சாம்பல் போவாது. மாசம் 40, 50 கத்தி போடறவங்களுக்கு நான் யோசிக்காம கேஸ்னு சொல்லிடுவேன்.

இப்ப கல்லுக்கரி விஷயத்துக்கு வர்றேன், இதுல நீங்க பாக்கற வீடியோ உங்கள தப்பா கொண்டு போயிடும். அவங்க நாட்டுல கொல்லனுக்குன்னே விக்கற கரி இருக்கு, சாம்பல் கம்மி, சூடு பட்டா உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கூடு மாதிரி நிக்கும், அதுக்குள்ள எரிஞ்சு கோக்கா, அதாவது புகையெல்லாம் போன கெட்டிக் கரியா மாறும், அதுதான் அந்த அழகான நெருப்பு. நமக்கு சூளைக்கும் பாய்லருக்கும் வர்ற கரிதான் கிடைக்கும். நம்ம நாட்டு பாய்லர் கரில நூத்துக்கு 35ல இருந்து 45 பங்கு வரைக்கும் சாம்பல் இருக்கும், வெளிநாட்டுல இருந்து வர்றதுல ஈரம் ஜாஸ்தி, ஒட்டிப்புடிக்கவும் செய்யாது. நெய்வேலி கரின்னு யாராவது சொன்னா வேணவே வேணாம், தோண்டி எடுக்கும்போதே பாதி தண்ணி அதுல. இதுல எத போட்டாலும் அரை மணிக்கு ஒரு தடவ கிட்டம் கட்டி காத்து ஓட்டைய அடைச்சிடும், கந்தகம் வேற இரும்புல ஏறும், ஏறினா செவந்த இரும்பு அடிக்கும்போதே வெடிப்பு விடும். புகைய பத்தி சொல்லவே வேணாம், பச்சையா போட்ட மொத 15 நிமிஷம் மஞ்சக் கலர்ல கட்டி கட்டியா வரும், உங்க சித்தப்பா சண்டைக்கு வர்றது நியாயம்தான். ஹார்டு கோக் நல்ல பொருள், ஆனா காத்து நின்னா அணைஞ்சு போயிடும், சுத்தறதுக்கு தனியா ஒரு ஆள் வேணும்.

அதனால உங்க எடத்துல நெஜமான கேள்வி மரக்கரியா கேஸாங்கறதுதான். உங்க தாத்தா ஒலைல எரிஞ்சது பெரும்பாலும் மரக்கரியாதான் இருந்திருக்கும், வேணும்னா பெரியப்பாவ கேட்டுப் பாருங்க. நம்ம பக்கம் வேலிகாத்தான்னு சொல்றோமே அந்த சீமைக்கருவேலங்கரி ஒலைக்கு ரொம்ப நல்லா பேசும், கெட்டியா இருக்கும், சூடு நின்னு எரியும், கந்தகம் இல்லன்னே சொல்லலாம். பத்திகினப்புறம் புகை கெடையாது. வாங்கும்போது ரெண்டு கரிய தட்டிப் பாருங்க, கண்ணாடி மாதிரி கிணுகிணுன்னு சத்தம் வரணும், மொத்துன்னு சத்தம் வந்தா வேகாத மரம், அது ஒண்டிதான் புகையும். எலுமிச்சம்பழம் சைஸுக்கு ஒடச்சு, தூள சலிச்சு எடுத்துடுங்க, தூளோட போட்டா காத்து ஏறாம பொரி கண்டபடி பறக்கும்.

மரக்கரிக்கு கொறை இல்லாம இல்ல. சீக்கிரம் எரிஞ்சு தீரும், என் ஒலைல மணிக்கு ரெண்டு ரெண்டரை கிலோ போவுது. பக்கத்துல ஒரு டப்பாவுல தண்ணியும், குச்சில கட்டின சாக்குத் துணியும் வெச்சிகினு, நெருப்ப சுத்தி ஓரமா தெளிச்சிகினே இருக்கணும், நடுவுல தேங்கா அளவுக்கு ஒண்டி எரியணும், சுத்தி கறுப்பா நிக்கணும். இத மொதல் மாசத்துலயே பழகிட்டீங்கன்னா கரி செலவு பாதியா கொறையும், பழகாதவங்கதான் மரக்கரி கட்டுபடி ஆவலன்னு சொல்றவங்க. அப்புறம் காத்துக்குழாய் வாய்க்கு மேல நாலு விரக்கடைக்கு கொறையாம கரி இருக்கணும், இரும்ப அதுக்கு மேல வெக்கணும், கீழ எறக்கினா எரியாத பச்சக் காத்து நேரா இரும்பு மேல அடிச்சு செதில் செதிலா உரிச்சு எடுத்துடும்.

பெரியப்பா சொன்னத லேசுல தள்ளிடாதீங்க. கேஸ்ல பதம் நிக்காதுங்கறது உண்மை இல்ல, ஆனா அவரு எதையோ கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றாரு. இரும்புக்கு தன்ன எது சூடு பண்ணுதுன்னு தெரியாது, எவ்ளோ கார்பன் உள்ள இருக்கு, எந்த சூட்டுல இருந்து எவ்ளோ வேகமா ஆறுச்சுங்கறதுதான் பதம். 770 டிகிரில இரும்பு காந்தத்துல ஒட்டாம போயிடும், லாரி பட்டாவுக்கு அதுக்கு மேல இன்னும் கொஞ்சம், 850 பக்கம் வந்ததும் எண்ணெயில முக்கினா கடினமாயிடும். அது கரில வந்த 850ஆ இருந்தாலும் கேஸ்ல வந்த 850ஆ இருந்தாலும் ஒண்ணுதான். அப்போ கோளாறு எங்க வருதுன்னா, கேஸ் ஒலைல காத்து ஜாஸ்தியா விட்டு நீலமா சீறிகினு எரிய விடுவாங்க, அதுல மிச்சம் இருக்கற ஆக்சிஜன் இரும்பு மேல்தோல்ல இருக்கற கார்பன தின்னுடும். அந்த கத்திய சாணை புடிச்சு பாத்தா மேல கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், பதம் நிக்கலன்னு பேரு வாங்கும். காத்த கொறச்சு, வாசல்ல மஞ்சளா மெத்தன நாக்கு மாதிரி ஒரு ஜ்வாலை வெளிய எட்டிப் பாக்கற அளவுல வெச்சா அந்த பிரச்சனை ரொம்ப கொறையும்.

ரெண்டாவது கோளாறு கவனம். கரின்னா பக்கத்துலயே நின்னுகினு பாக்கணும், கேஸ் அதுபாட்டுக்கு எரியும், ஒரு போன் பேசிட்டு வந்தா கத்தி 1,100 தாண்டி மஞ்சளா நிக்கும். அப்படி ஊறின இரும்போட உள்மணி பெருசாயிடும், ஒடச்சு பாத்தா சக்கரை கொட்டின மாதிரி மினுக்கும், நல்ல பதத்துல இருந்தா ஒடஞ்ச எடம் பீங்கான் ஒடச்ச மாதிரி மெல்லிசா சாம்பல் நெறத்துல இருக்கும். தப்பு நடந்துச்சுன்னா கத்திய தூக்கிப் போட வேணாம், காந்தம் ஒட்டாத சூட்டுக்கு கொஞ்சம் மேல ஏத்தி காத்துல தானா ஆற விடுங்க, மூணு தடவ இப்படி செஞ்சா மணி திரும்ப சின்னதாயிடும், அப்புறம் எண்ணெய். பட்டா துண்டுல கைநீளத்துக்கு ஒரு கீத்து வெட்டி பதம் போட்டு வைஸ்ல வெச்சு ஒடச்சு பெரியப்பா கையில குடுங்க, கேஸ்ல ஒண்ணு கரில ஒண்ணு. அவரு சாணை புடிச்ச கை, பாத்தவுடனே புரிஞ்சிக்குவாரு. பட்டாவுக்கு தண்ணி காட்டாதீங்க, டிக்குனு ஒரு சத்தம் வரும், அது வெடிப்பு. கடலெண்ணெய 50, 60 டிகிரிக்கு சூடு பண்ணி அதுல முக்குங்க, அப்புறம் ஓவன்ல 200 டிகிரில ரெண்டு மணி நேரம்.

கேஸ் வாங்கற அன்னிக்கு மறக்கக்கூடாதது சிலது இருக்கு. வீட்டு செவப்பு சிலிண்டர், 14.2 கிலோ, அத பட்டறைல மாட்டறது சட்டப்படி தப்பு, 19 கிலோ நீல சிலிண்டர் கமர்ஷியல் கனெக்ஷன் எடுங்க, ஹை பிரஷர் ரெகுலேட்டர், ஸ்டீல் வலை போட்ட ஓஸ். எல்பிஜி காத்த விட கனம், லீக் ஆனா மேல போவாது, தரையில தண்ணி மாதிரி ஓடி பள்ளத்துல நிக்கும், பழைய பட்டறைங்கள்ல ஆள் எறங்கி நின்னு சம்மட்டி அடிக்க ஒரு குழி இருக்கும், உங்களதுல இருந்தா மூடின அப்புறம்தான் சிலிண்டர் உள்ள வரணும். சிலிண்டர் வெயில்ல நிக்கக்கூடாது, வேலூர் மே மாச வெயில் உங்களுக்குத் தெரியாததா.

நான் அனுபவிச்சது ஒண்ணு சொல்றேன், இது எனக்கு இன்னிக்கும் நெனச்சா ஒடம்பு ஆடும். ஐப்பசி மழை, சாரல் உள்ள அடிக்குதுன்னு ஷட்டர முக்கால்வாசி எறக்கிட்டு கேஸ் ஒலைய ஓட்டினேன். ஒரு மணி நேரத்துல கூட வேலை செஞ்ச பையன் தலைய வலிக்குதுண்ணே, வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னான், எனக்கும் நெத்தி பொட்டு ரெண்டும் தெறிச்சுது, காலைல சாப்பாடு சரியில்ல போலன்னு நெனச்சேன். அவன் அப்படியே உக்காந்தவன் எழுந்திரிக்கல. இழுத்துட்டு வந்து மழைல போட்டேன், அரை மணி கழிச்சுத்தான் கண்ணு தெளிஞ்சுது. கார்பன் மோனாக்சைடு, வாசனை கெடையாது, கலர் கெடையாது. கேஸ் சிலிண்டர்ல வர்ற நாத்தம் எரியாத கேஸுக்குத்தான், இதுக்கு எந்த எச்சரிக்கையும் வராது. நான் சொன்ன அந்த மஞ்ச நாக்கு ஜ்வாலை இரும்புக்கு நல்லது, ஆனா அதுலதான் இந்த விஷமும் ஜாஸ்தி வரும். கரி ஒலையிலயும் உண்டு, ஆனா சிம்னி இழுத்துட்டு போவும், கேஸுக்கு புகை இல்லையேன்னு யாரும் சிம்னி வெக்கறதில்ல. கொட்டாய்க்கு எதிரெதிரா ரெண்டு பக்கம் தெறப்பு இல்லாம கேஸ் பத்த வெக்கவே கூடாது தம்பி, மழையா இருந்தா அன்னிக்கு வேலைய விடுங்க.

பெட்டிக்கு உள்ள போடற செராமிக் பிளாங்கெட் (சூடு தாங்கற நார் மெத்தை), ராணிப்பேட்டை பக்கம் பாய்லர் கான்ட்ராக்ட் எடுக்கறவங்க கிட்ட மிச்சத் துண்டு கெடைக்கும், 1,260 டிகிரின்னு போட்டிருக்கறத கேட்டு வாங்குங்க. பாக்க அதே மாதிரி இருக்கற ராக் வுல் போட்டா அது 700 தாண்டினா தாங்காது. மேல நெருப்பு தாங்கற ரிஃப்ராக்டரி சிமெண்ட் பூசாம எரிக்காதீங்க, அந்த நார் நெஞ்சுல போய் ஒக்காந்தா வெளிய வராது, வெட்டும்போதும் நல்ல மாஸ்க் போடுங்க.

இப்ப பணம். ரெண்டையும் ஒரே நேரத்துல வாங்காதீங்க. மரக்கரி ஒலைய மொதல்ல போடுங்க, லாரி பிரேக் டிரம் பழைய இரும்புக் கடைல எடை போட்டு வாங்கி, அடில ஓட்டை ஓட்டையா இருக்கற ஜாலி வெச்சு, ஓரத்துல களிமண்ணு பூசி, இடுப்பு உயரத்துக்கு ஆங்கிள்ல ஸ்டாண்டு அடிச்சீங்கன்னா ஒலை ரெடி. ப்ளோயர் கையில சுத்தறதா வாங்குங்க, கரண்டு ப்ளோயர் காத்த கொட்டிகினே இருக்கும், கைல சுத்தினா நெருப்பு எவ்ளோ கேக்குதோ அவ்ளோதான் குடுப்பீங்க, கரண்டு போனாலும் வேலை நிக்காது. சிம்னி 10 அங்குலத்துக்கு கொறையக் கூடாது, 6 அங்குலக் குழாய் வெச்சா புகை மொகத்துக்குத்தான் வரும், சித்தப்பா சுவத்துக்கு எதிர்ப்பக்கம் வெச்சு கூரைக்கு மேல மூணு அடி தூக்குங்க. சிம்னி போற எடத்துல இருக்கற சிமெண்ட் ஷீட்ட கழட்டிட்டு தகர ஷீட் போடுங்க, சிமெண்ட் ஷீட்டுல அனல் பட்டா படார்னு வெடிச்சு துண்டு தெறிக்கும், அத ஓட்டை போடறேன்னு கிரைண்டர வெக்காதீங்க, பழைய ஷீட்டுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். கிரைண்டர், வைஸ், கண்ணாடி, எல்லாம் சேத்து பாதிப் பணத்துக்குள்ள முடிச்சிடலாம், மீதிய தொடாம பேங்க்ல வைங்க.

ஆறு மாசம் கரில ஊர் வேலையும் கத்தியும் சேத்து செய்யுங்க, ஒரு நோட்டுல கரி எத்தன கிலோ எத்தன மணி நேரம்னு தெனம் எழுதுங்க. கத்தி ஆர்டர் மாசம் 15 தாண்டி, கரி ஒலைல நின்னு முடிக்க நேரம் பத்தலன்னு ஆவற மாசம் ஒரே பர்னர் வெச்ச சின்ன கேஸ் பெட்டி போடுங்க, பெருசா வேணாம். என் பெட்டில ஒரு பர்னர் மணிக்கு முக்கால் கிலோவுல இருந்து ஒரு கிலோ குடிக்குது, 19 கிலோ சிலிண்டர் 20 மணி நேரம் வரும்னு வெச்சுக்கலாம், கடைசி ரெண்டு கிலோ சிலிண்டர் குளுந்து போயி பிரஷர் எறங்கிடும், மார்கழி காலைல இன்னும் மோசம். கமர்ஷியல் விலை மாசாமாசம் மாறும், அதனால அன்னிய விலைய அந்த 20ஆல வகுத்து, ஒரு மணில எத்தன கத்தி முடியுதுன்னு உங்க நோட்டோட ஒத்துப் பாருங்க. கேஸ் வந்தப்புறமும் கரி ஒலைய கழட்டாதீங்க, உளிக்காரரு அதுக்குத்தான் வருவாரு.

தாத்தாவோட பட்டடைக்கல்லு, இரும்ப மேல வெச்சு அடிக்கறது, இருக்கா இல்லையான்னு எழுதலையே. பூட்டின பட்டறைல இருந்து மொதல்ல காணாம போறது அதுதான், இருந்துச்சுன்னா அது மேல ஒரு சின்ன இரும்பு குண்ட ஒரு ஜாண் உயரத்துல இருந்து போட்டுப் பாருங்க, நல்லா எம்பி வந்தா கல்லு உயிரோட இருக்கு, சாணை கீணை புடிக்க வேணாம். கொறடு எல்லாம் துரு புடிச்சிருந்தா மண்ணெண்ணெய்ல ரெண்டு நாள் ஊற வெச்சு அசைச்சு பாருங்க, எத்தன கொறடு, வாய் எந்த எந்த உருவம்னு படம் வரைஞ்சு எழுதி அனுப்புங்க, உங்க தாத்தா என்னென்ன அடிச்சாருன்னு அத வெச்சே சொல்லிடலாம்.